குடிதண்ணீரும் குளோரினும்

நகரங்களில் குடிதண்ணீருடன் குளோரின் கலப்பதைப் பற்றி ஜனங்களிடையே இருவித அபிப்பிராயங்கள் உலவுகின்றன. அது விஷம், அறவே ஒழிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அதைக் கலந்துவிட்டால் வேறு கவலையே இல்லை என்பர் மற்றொரு சாரார். சாட்சியங்களை நிதானித்துப் பார்க்குமிடத்து, இரண்டும் பிழையென்றே நமக்குத் தோன்றுகிறது.

1908-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள ஜெர்ஸி நகரத்தின் தண்ணீரில் குளோரின் இடைவிடாது கலக்கப்படலாயிற்று. இது தகுமா என்ற கேள்வி கோர்ட்டுக்கே சென்றது. குளோரினுக்குச் சாதகமாகவே முடிவாயிற்று. டைபாய்டு சுரத்தையும் வாந்திபேதியையும் கட்டுப்படுத்தியதில் அதற்குள்ள பங்கை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் 1974-ல் புதிய சாட்சி ஒன்று கிளம்பிற்று. ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரின் தண்ணீர் நிலையத்தில் பணிபுரிந்த யோஹன்னஸ் ரூக் என்னும் ரஸாயன சாஸ்திரி, ஆற்று நீரில் இலை சருகுகள் மக்கியதால் கலந்திருக்கும் பொருள்களுடன் குளோரின் சேர்ந்து குளோரோபாரம் முதலியவற்றை உண்டாக்குகிறது என்று காட்டினார். நோயாளியை மயக்க டாக்டர்கள் ஒரு காலத்தில் உபயோகித்த அதே குளோரோபாரந்தான். 1976-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஸ்தாபனத்தார் எலிகளுக்கு அதை மிகுதியாகக் கொடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் கண்டது. மனிதர் விஷயத்தில், இத்தகைய நீரைப் பல்லாண்டு அருந்துவோருக்கு மூத்திரப்பைப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காண்கிறதென்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இதைச் சந்தேகமற நிரூபணமான குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். எனினும் அமெரிக்க ஸர்க்கார் 1979-ல் இவ்வகைப் பொருள்கள் நான்குக்கும் சேர்த்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்து, 1998-ல் அதை 80 ஆகக் குறைக்க விதி செய்தனர்.

இனித்தான் நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. இந்த விதிக்குட்பட வேண்டி, வாஷிங்டன் நகரத்தில் 2000-ம் வருஷம் நவம்பரில், குழாய்களிற் செல்லும் நீருக்குக் குளோரினை விடுத்து, அம்மோனியாவுடன் சேர்த்த குளோரமைனைக் கலந்தனர். வேண்டாத பொருள்கள் குறைந்தன. ஆனால் பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் குளோரினால் படிந்திருந்த காப்புப் பூச்சு கரைந்து, ஈயம் தண்ணீரில் இறங்கிற்று. ஈயமோ குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. 4,000-க்கு மேற்பட்ட வீடுகளில் அது எல்லையைக் கடந்திருந்த செய்தியைப் பெரும்பாலோர் 2004 ஜனவரியில் பத்திரிகை வாயிலாகவே அறிந்தனர்! ராஜதானி நகரத்திலேயே இந்த நிலை. அவ்வாண்டில் பாஸ்பேட் கலக்கத் தொடங்கிய பின்னரே ஈயம் தணியலாயிற்று.

ஆதலின் குளோரினைத் தூற்றிப் பயனில்லை. உபபொருள்களுக்கு அஞ்சிக் கிருமி நாசத்தைத் தளர்த்தலாகாதென்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கையும். செய்யத்தக்கது, குளோரினுக்கு இரை கிடைக்காமற் செய்வதே. படிகாரமிட்டு அழுக்கைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, அவசியமான இடங்களில் கரியிலும் வடித்து, கடைசியிலேயே குளோரின் கலக்க வேண்டும். இதற்குப் பணம் செலவாகும், குளோரினோ மலிவு. அழுக்கு நீரிலேயே அதை அள்ளிக் கொட்டும் வழக்கத்திற்கு இதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

நமது இந்தியத் தர நிர்ணயத்திலும் 2012-ல் குளோரோபாரத்துக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற எல்லை எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நகரசபையும் அதை எத்தனை முறை அளந்தது, என்ன கண்டது என்பதை வரி செலுத்துவோர் படிக்கும்படி தமிழிலே வெளியிடுமாறு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்பார்களாக.