அண்ணன் சொன்ன பொய்

1950 நவம்பர் 3. பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போக வேண்டிய ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம், ஜெனீவாவை நெருங்கும் வேளையில் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. உள்ளே இருந்த 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகளில் பெரும்பாலோர் இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். யாராவது உயிரோடு இருக்கக்கூடும் என்று ஏறிய மீட்புக் குழுவிலிருந்த ஷாமொனி மலை வழிகாட்டி ரெனே பாயோவும் அந்தப் பனியிலேயே இறந்தார்.

இந்த விபத்திலிருந்து ஆன்ரி த்ருவாயா ஒரு நாவலை எடுத்தார். மாஸ்கோவில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். 1952-ல் வந்த அந்த நாவலை, நான்கே ஆண்டுகளில் பாரமவுன்ட் நிறுவனம் 'தி மவுன்டன்' என்ற பெயரில் படமாக்கியது. இயக்கம் எட்வர்ட் ட்மிட்ரிக். அண்ணன் சக்கரியாக ஸ்பென்சர் டிரேசி, தம்பி கிறிஸ்டோபராக ராபர்ட் வாக்னர்.

கதை இதுதான். மலை உச்சியில் ஒரு விமானம் விழுந்து கிடக்கிறது. மீட்கப் போன குழு தலைவனை இழந்து திரும்பிவிட்டது. மேலே இருப்பவர்கள் எப்படியும் செத்திருப்பார்கள், அவர்கள் பையில் இருக்கும் பணம் யாருக்கு என்று தம்பி கேட்கிறான். அண்ணன் பழைய வழிகாட்டி. மலை தன்னை வேண்டாம் என்றுவிட்டது என்று நம்பி, ஏறுவதையே விட்டுவிட்டவர். இருந்தும் கிளம்புகிறார். தனியாகப் போனால் தான் வளர்த்த பையன் செத்துவிடுவான். அந்த ஒரே காரணம்தான்.

அடுத்து வரும் ஏற்றம்தான் படத்தின் நடுப்பகுதி. பேச்சு குறைவு, பாறையில் விரல் தேடும் பிடியும் கயிறும் மூச்சும்தான். ஷாமொனியில் எடுத்த வெளிப்புறக் காட்சிகளோடு ஸ்டுடியோப் பாறைகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு சில இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. டிரேசிக்கு அப்போது 56 வயது, வாக்னருக்கு 26. அப்பா-மகன் என்று வைத்திருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். வெளியான நாளிலிருந்து இந்தக் கேலி படத்தை விட்டபாடில்லை. நியாயமான கேலிதான். ஆனால் தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய உறவில்லை. அதனால் எனக்கு அது பெரிதாக உறுத்தவில்லை.

உச்சியில், சிதறிய உடல்களுக்கு நடுவே ஓர் இந்தியப் பெண் உயிரோடு இருக்கிறாள். விட்டுவிட்டுப் போகலாம் என்கிறான் தம்பி. அண்ணன் கிடைத்ததைக் கொண்டு ஒரு சறுக்குவண்டி செய்து, அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்குகிறார். பின்னால் துரத்தி வந்த தம்பி பனிப்பாலம் உடைந்து விழுந்து மடிகிறான்.

ஊருக்குத் திரும்பியதும் சக்கரி ஒரு பொய் சொல்கிறார். திருடப் போனது தான் என்றும், அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நினைத்தது தம்பி என்றும். கேட்பவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். டிரேசி இதைக் குரல் உயர்த்தாமல், யாரிடமும் இரக்கம் கேட்காமல் சொல்லி முடிக்கிறார். இந்தக் காட்சிக்காகவே படத்தின் மற்ற குறைகளையெல்லாம் மன்னிக்கலாம்.

இயக்குநரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்சி வேறுமாதிரி கனக்கும். கம்யூனிஸ்ட் வேட்டையில் சிக்கிச் சிறை சென்ற 'ஹாலிவுட் பத்துப் பேரில்' ட்மிட்ரிக் ஒருவர். வெளியே வந்தபின், 1951-ல் விசாரணைக் குழுவின் முன்னால் பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லித் தன் தொழிலை மீட்டுக்கொண்டவர். அப்படிப்பட்டவர், அடுத்தவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஒருவனைப் படத்தின் மையத்தில் நிறுத்துகிறார். தெரிந்து செய்தாரா என்பது நமக்கு வேண்டாம்.

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. பிழைத்த இந்தியப் பெண்ணாக வரும் அன்னா காஷ்ஃபிக்குப் படுத்துக் கிடப்பதைத் தவிர அதிகம் வேலையில்லை. அண்ணனின் நல்ல மனதைக் காட்ட ஒரு சுமை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நிஜ விமானத்தில் போன கப்பல் தொழிலாளர்களின் சாயல் படத்தில் எங்குமே இல்லை. அவர்கள் கதையை இதற்குள் இந்தியாவிலாவது யாராவது படமாக்கியிருக்கலாம்.

மலை மட்டும் கணக்கை முடிக்கவில்லை. 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் ஏறக்குறைய அதே இடத்தில் மோதி, அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். இரண்டு விமானங்களின் துண்டுகளையும் பொஸோன் பனியாறு இன்னமும் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. 2013-ல் மலையேறப் போன ஓர் இளைஞருக்கு அங்கே மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டி ஒன்று கிடைத்தது. 1966 விமானத்தினுடையது என்று கருதப்படும் அந்தப் பெட்டியை அவர் போலீசில் ஒப்படைத்தார். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாததால், 2021-ல் கற்களில் பாதியை அவருக்கும் மறுபாதியை ஷாமொனி ஊருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.