விரும்பிக் கேட்டவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. கிள்ளானுக்கு வெளியே தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது அண்ணன் வானொலியிலிருந்து பதிந்தது. பொத்தானைக் கொஞ்சம் முந்தி அழுத்திவிட்டான். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் வாசித்த பெயர்களும் உள்ளே வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு பேர், தோட்டப் பெயரோடு. அம்மாவின் பெயர் ஏழாவது. அஞ்சலட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பெயர் அது. தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. அந்தப் பாட்டைப் பாடச் சொன்னால் ‘விரும்பிக் கேட்டவர்கள்’ என்று பெயர்ப் பட்டியலிலிருந்துதான் எடுப்பாள். அதற்கும் ஒரு ராகம் வைத்திருந்தாள்.

மின்னல் பண்பலைக்கு வானொலி ஆறு என்று பெயர் இருந்த காலம். நம்மைப் போன்றவர்களின் பெயர் பாட்டுக்கு வெளியே, வாசற்படியில் நின்றது. உள்ளே போக வேண்டுமென்றால் பெரிய ஆளாக இருக்க வேண்டும். ‘நாம் இருவர்’ (1947) படத்தில் எம்.எஸ். ராஜேஸ்வரி பாடிய பாட்டில் காந்தி நேராகவே, பெயரோடு வந்தார். மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு வந்த அரசியல்காரர்கள் பாட்டுக்குள் மாறுவேடத்தில்தான் நுழைந்தார்கள். ‘அன்பே வா’ (1966) படத்தில் சூரியனுக்கு முன்னால் வாலி போட்ட ‘உதய’ என்ற சொல், கட்சிச் சின்னத்தை நினைவூட்டுகிறது என்று தணிக்கையில் சொல்ல, ‘புதிய’ வந்து உட்கார்ந்தது. கேட்டவர்களுக்கா புரியாது? கண்ணதாசன் இன்னும் கெட்டிக்காரர். ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்துக் காதல் பாட்டில், சிவகாமி என்பவளின் பிள்ளையிடம் சேதி சொல்லும்படி ஒரு பெண் தோழியைக் கேட்கிறாள். திரையில் அது காதலனுக்கு. காமராசரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். அவருக்குக் கவிஞர் விட்ட தூது அது என்று இன்றும் சொல்வார்கள். இந்த விஷயம் எங்கள் தோட்டத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்ததோ தெரியாது. பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று அப்பா இதைப் பெரிய ரகசியம்போல் சொல்லிக்கொண்டிருப்பார்.

காதல் பாட்டில் பெயரை ஒளிப்பது நமக்குப் புதிதில்லை. அகப்பாட்டில் தலைவன் தலைவி இருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியர் விதியே போட்டிருக்கிறார். நெடுநல்வாடையில் பெயர்கூட இல்லை, வேலில் கட்டிய வேப்பந்தழை மட்டும்தான். வேம்பு பாண்டியன் அடையாளம், ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். பாரியும் அதியமானும் புறத்தில் தாராளமாகப் பெயரோடு நடமாடினார்கள். ‘ராஜா சின்ன ரோஜா’ (1989) படப் பாட்டில் சூப்பர் ஸ்டார் பட்டம் வந்து சம்மணம் போட்டதும் அந்தப் புறக் கணக்கில்தான் சேரும். அதே ஆண்டு அமெரிக்காவில் பில்லி ஜோயல் நாற்பது வருஷத்துப் பெயர்களையும் செய்திகளையும் ஒரே பாட்டில் மூச்சுவிடாமல் அடுக்கினார். நம்மவர்களுக்கு ஒரு பெயர் போதுமாக இருந்தது.

இதில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு ஆறுதல். கிள்ளானில் 1944-இல் பிறந்து மதராசுக்குக் கப்பலேறிய வாசுதேவன், நாட்டையே பெயருக்கு முன்னால் கட்டிக்கொண்டார். ‘16 வயதினிலே’ (1977) வந்த பிறகு தமிழ்நாட்டு டீக்கடைகளில் எல்லாம் ‘மலேசியா’ என்ற சொல் புழங்கியது. பாட்டுக்குள் அல்ல, பாடியவர் பெயரில்.

கதவைத் திறந்துவிட்டது ராப். 1998-இல் போயட்டிக் அம்மோ குழு ஒரே ஆல்பத்தில் பல மொழிகளில் பாடியது. அதிலிருந்த யோகி பி பிறகு நட்சத்திராவோடு சேர்ந்து 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பம் கொண்டுவந்தார். ‘நிழல்கள்’ (1980) படத்து இளையராஜா பாட்டை எடுத்துக் கோலாலம்பூர்த் தாளத்தில் போட்டு, அதைத் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இன்றைய பையன்களுக்குத் தயாரிப்பாளர் வேண்டாம், அறிவிப்பாளர் வேண்டாம். பாட்டு தொடங்கும்போதே தன் பெயர், குழுவின் பெயர், ஊர்ப் பெயர், பக்கத்தில் நிற்கிற மச்சான் பெயர். கேசட் கடைக்குப் போகவும் வேண்டாம், எல்லாம் கைப்பேசியிலேயே.

என்ன தற்பெருமை என்று முகம் சுளிப்பவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோயிலில் தேவாரம் ஓதும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கட்டும். ஞானசம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தையும் முடிக்கும்போது தம் பெயரையும் காழி ஊரையும் சொல்லாமல் விடமாட்டார். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பெயர். அவர் கடைசியில் போட்ட முத்திரையைப் பையன்கள் தலையில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உள்ள குறை வேறு. அடுத்தவன் பெயர் பாட்டிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தப் பாட்டெல்லாம் அலறுகிற பெரிய சாலை ஜாலான் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது, தொழிலாளிகளிடமே மாதா மாதம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். என் காதில் விழுந்த பாட்டு எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. சாலைப் பலகையில் இருக்கிறது, பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது.

போன மாதம் அண்ணன் மகன் தன் அறையிலேயே ஒரு பாட்டுப் பதிந்தான். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பாடியது. முதல் ஆளாக அம்மாவிடம்தான் கொண்டுவந்தான். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கைப்பேசியை வாங்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டது. அவன் பெயர் வந்தது, கூட்டாளிகள் பெயர் வந்தது, கிள்ளான் வந்தது, மறுபடியும் அவன் பெயர். அம்மா பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தது. முழுசும் முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

“பேரெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டாங்களாய்யா? பாட்டு எப்ப போடுவாங்க?”