விலை கூடினால் வலு கூடுமா?

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வத்தலக்குண்டு சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. "சாதாவா, பிரீமியமா சார்?" என்று கேட்கிறார் ஊழியர். "மலை ஏறணும், பிரீமியமே போடுங்க" என்கிறார் அப்பா. பின் இருக்கையில் இருக்கும் நீங்கள் மீட்டரைக் கவனிக்கிறீர்கள். லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம்!

அந்தக் கூடுதல் பணத்துக்கு வண்டிக்குக் கிடைப்பது என்ன? கூடுதல் வலுவா? கூடுதல் மைலேஜா? அல்லது வெறும் மனநிறைவுதானா? வாருங்கள், இயற்பியலின் துணையோடு விடை தேடுவோம்.

95 என்றால் என்ன?

எக்ஸ்பி 95, ஸ்பீடு, பவர் என்று ஒவ்வொரு எண்ணெய் நிறுவனமும் தன் உயர்விலைப் பெட்ரோலுக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. 95, 100 என்ற எண்களையும் பங்குகளில் பார்த்திருப்பீர்கள். இவை ஆக்டேன் எண்கள். 95 என்றால் 91-ஐவிட வலுவானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் குறிப்பதில்லை; அதன் பொறுமையைக் குறிக்கிறது!

சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது அல்லவா? காற்றை விரைவாக அழுத்தினால் வெப்பநிலை உயரும். எஞ்சினின் சிலிண்டரிலும் இதுவே நடக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கிவிடுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் பொறியைக் கொடுக்கிறது. தீ ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குச் சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும்.

ஆனால் தீ வந்து சேருமுன்பே, மூலையில் இருக்கும் கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால்? டக், டக் என்று உலோகத்தில் தட்டுவதுபோல் ஓசை கேட்கும். இதற்கு 'நாக்கிங்' என்று பெயர். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே அதை எதிர்த்துத் தள்ளுவது போன்றது இது. வலு வீணாகும். நீடித்தால் பிஸ்டனும் பழுதாகும்.

இப்படி அவசரப்பட்டு வெடிக்காமல் பொறுத்திருக்கும் தன்மையை அளக்க இரண்டு பொருள்களை அளவுகோலாக வைத்தார்கள். எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0. நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91.

எண் உயர்ந்தால் சூடு உயருமா?

உயராது. இதற்கு நல்ல சான்று எத்தனால். அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் கிடைக்கும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பொறுமை அதிகம்; வெப்பம் குறைவு. இரண்டும் வேறு வேறு பண்புகள் என்பது இப்போது விளங்கும்.

அப்படியானால் உயர் ஆக்டேன் யாருக்குத் தேவை? கலவையைப் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு நெருக்கும் பந்தய வகை மோட்டார் சைக்கிள்களுக்கும், டர்போ பொருத்திய சில கார்களுக்கும் தேவை. அத்தகைய எஞ்சினில் குறைந்த எண்ணுள்ள பெட்ரோலை ஊற்றினால் நாக்கிங் வரும்; அல்லது அதை உணரும் கருவி பொறியைத் தாமதப்படுத்தி வலுவைக் குறைத்துவிடும். ஆனால் கடைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் 100 சி.சி. வண்டி அவ்வளவு நெருக்குவதில்லை. அதற்கு வேண்டிய பொறுமை சாதாரணப் பெட்ரோலிலேயே இருக்கிறது. நான்கு அடி ஆழக் குட்டையைக் கடக்க நாற்பது அடிக் கழி எதற்கு?

அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ஆம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் பிரீமியம் ஊற்றியபோது வலுவிலோ, மைலேஜிலோ, புகையின் தூய்மையிலோ குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்ததால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணே 95-ஐ எட்டிவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. எனவே 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் தருமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மலை ஏறும்போது?

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரில் ஒரு நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் மேல் கியரிலேயே வண்டியை முறுக்க, டக், டக் என்ற ஓசை கிளம்பியது. பெட்ரோலில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஊர் திரும்பியதும் மெக்கானிக் சிரித்தார். "கியரைக் குறைச்சு ஓட்டுங்க சார், சரியாப் போயிரும்" என்றார். அப்படியே ஆயிற்று! மேல் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுழலும், சுமையோ அதிகம். சூடேறிய கலவைக்குத் தானாக வெடிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. இயற்பியல் ஆசிரியருக்கு மெக்கானிக் நடத்திய பாடம் அது.

இன்னொன்றும் கவனியுங்கள். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் புகும் காற்றும் குறைவு; ஆகவே சாதாரண எஞ்சினில் நாக்கிங்கும் குறையும். மேலே செல்லச் செல்ல உயர் ஆக்டேனின் தேவை குறைகிறது!

பிரீமியத்தில் பயனே இல்லையா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. பிரீமியம் பெட்ரோல்களில் எஞ்சினின் உட்பகுதியில் கரி படியாமல் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அதே ஏ.ஏ.ஏ. சங்கம் 2016-இல், சாதாரண ஆக்டேன் உள்ள பெட்ரோல்களையே இரண்டு வகையாகப் பிரித்துச் சோதித்தது. சுத்திகரிப்புப் பொருள் மிகுதியாகச் சேர்ந்தது ஒன்று. சட்டம் கேட்கும் அளவே சேர்ந்தது மற்றொன்று. இரண்டாம் வகை, வால்வுகளில் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டது. ஆக, பெட்ரோலுக்குப் பெட்ரோல் வேறுபாடு உண்டு. ஆனால் அது சுத்தம் பற்றிய வேறுபாடு. வலு பற்றியது அன்று.

ஆக்டேன் எண்ணை உயர்த்துவதற்காக மனிதன் பெரிய விலை கொடுத்ததும் உண்டு. 1921-இல் தாமஸ் மிட்க்லி என்ற அமெரிக்கர், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிது கலந்தால் நாக்கிங் நிற்கும் எனக் கண்டார். 1923 முதல் 'எத்தில்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாள் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதை நிறுத்தியது. பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

நீங்களே சோதியுங்கள்

சாதாரணப் பெட்ரோல் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பிரீமியத்தில் 54 கிலோமீட்டர் ஓடினால்தான் கொடுத்த பணம் திரும்பும். மாதம் 20 லிட்டர் போடும் வீட்டில் ஆண்டுக்கு 1,920 ரூபாய் கூடுதல் செலவு. ஓடுகிறதா என்று பார்த்துவிடுவோமே!

பெரியவர்களிடம் சொல்லித் தொட்டியை நிரப்பச் செய்து, மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு வகைப் பெட்ரோலுக்கும் ஐந்து முறையாவது செய்யுங்கள். சாலையும் ஓட்டுபவரும் மாறக் கூடாது. டயரில் காற்றழுத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஐந்து விடைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் பாருங்கள். அந்த வேறுபாட்டைவிடப் பிரீமியத்தின் லாபம் பெரிதாக இருந்தால் மட்டுமே அதை நம்பலாம்.

பெட்ரோல் நல்லதா என்ற ஐயம் வந்தால் பங்கிலேயே வடிதாள் கேட்கலாம். தர வேண்டியது அவர்கள் கடமை. ஊழியர் தாளில் ஒரு சொட்டு விடுவார். கறையில்லாமல் ஆவியானால் நல்லது. கறை தங்கினால் கலப்படமாக இருக்கக்கூடும். அளவில் ஐயம் என்றால் ஐந்து லிட்டர் முத்திரைக் குவளையில் அளந்து காட்டச் சொல்லலாம்.

இப்போது அப்பாவின் காருக்குத் திரும்புவோம். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் வண்டியின் கையேடு இருக்கும். எந்த ஆக்டேன் எண் வேண்டும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் இருக்கும். அந்த எண்ணைப் படித்து அப்பாவிடம் சொல்லுங்கள். அதற்குக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.