பூஜ்யம் வந்தால் வெற்றியா, தோல்வியா?

ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வரும் காலி லாரி எடைமேடையில் ஏறுகிறது என்று வையுங்கள். மேடை அனுப்பும் எழுத்துகளைப் பழைய சி நிரல் ஒன்று எண்ணாக மாற்றுகிறது. கம்பி தளர்ந்து குப்பை எழுத்துகள் வந்தால், ‘ஏ டு ஐ’ என்ற ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென எழுதிவைத்த நிரல் துண்டு) பூஜ்யம் தரும். மேடையில் எதுவும் இல்லாதபோதும் அதே பூஜ்யம்தான். காலி லாரியின் எடை பூஜ்யம் என்று பதிவானால், பிறகு உப்பேற்றி நிறுக்கும்போது லாரியின் எடையும் உப்புக் கணக்கில் ஏறிவிடும்.

ரிட்டர்ன் வேல்யூ என்றால் என்ன?

ஃபங்ஷன் வேலை முடிந்ததும் திருப்பித் தரும் விடை அது. வேலை நடந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

எல்லா ஃபங்ஷனும் தோல்வியை ஒரே மாதிரி சொல்லாதா?

சொல்லாது. விண்டோஸில் கோப்பைத் திறக்கும் ‘கிரியேட் ஃபைல்’ தோற்றால் -1 தரும். ‘கிரியேட் த்ரெட்’ தோற்றால் ‘நல்’ (வெற்று மதிப்பு) தரும். ‘ஷெல் எக்ஸிகியூட்’ 32-ஐத் தாண்டிய எண் தந்தால்தான் வெற்றி. இது 16-பிட் விண்டோஸ் காலத்து வழக்கம். பழைய நிரல்களுக்காக இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஃபங்ஷனின் ஆவணத்தைப் பார்த்தால் தெரியாதா?

மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. நிரலுக்கு வரும் செய்திகளை எடுக்கும் ‘கெட் மெசேஜ்’ தரும் விடை ‘பூல்’ (ஆம் அல்லது இல்லை) வகை என்று முதல் வரி சொல்லும். பிழை வந்தால் -1 வரும் என்பது கீழேதான் இருக்கும். பூஜ்யம் அல்லாததெல்லாம் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும் நிரல், பிழைக்குப் பிறகும் நிற்காமல் சுற்றும்.

தவறாகச் சோதித்தால் என்ன நஷ்டம்?

‘கிரியேட் ஃபைல்’ தோற்று -1 தந்திருக்கிறது. நீங்கள் ‘நல்’ வந்ததா என்று மட்டும் பார்க்கிறீர்கள். அந்த -1 அப்படியே, கோப்பை நினைவகத்தோடு இணைக்க உதவும் ‘கிரியேட் ஃபைல் மேப்பிங்’ ஃபங்ஷனுக்குப் போகிறது. அங்கே -1 என்றால் ‘கோப்பு வேண்டாம், நினைவகம் போதும்’ என்று பொருள். அளவையும் கொடுத்திருந்தால் வேலை வெற்றி என்றே விடை வரும். நீங்கள் எழுதிய தரவு எந்தக் கோப்பிலும் சேராது. நிரலை மூடியதும் போய்விடும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஆவணத்தில் ரிட்டர்ன் வேல்யூ பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். தோல்விக்கு எந்த மதிப்பு என்று சொல்லியிருக்கிறதோ, அதே மதிப்போடு ஒப்பிடுங்கள்.

தோல்வி என்று தெரிந்த உடனே ‘கெட் லாஸ்ட் எரர்’ மூலம் காரணத்தைக் கேளுங்கள். இடையில் வேறு ஃபங்ஷனை அழைத்தால் அந்தக் காரணம் அழிந்துபோகலாம்.

‘ஏ டு ஐ’க்குப் பதில் ‘எஸ்டிஆர் டு எல்’ பயன்படுத்துங்கள். எந்த எழுத்து வரை எண்ணாகப் படித்தது என்பதையும் அது சொல்லும். ஓர் எழுத்தும் படிக்கவில்லை என்றால் வந்த பூஜ்யம் எடை அல்ல.

பிறகு, வேண்டுமென்றே தோற்க வையுங்கள். இல்லாத கோப்பின் பெயரைக் கொடுங்கள், எடைமேடைக் கம்பியைக் கழற்றுங்கள். நிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நாளை உங்கள் ஃபங்ஷனையும் யாரோ ஒருவர் பயன்படுத்துவார். தோற்றால் அது என்ன தரும் என்பதை அதன் தலைமாட்டிலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள்.