உங்களுக்குத் தெரியுமா? குதிரைக்கு டானிக் டப்பா வேண்டாம், புல் போதும்!

குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது! தின்றது தின்றதுதான். அதனால் தொட்டியில் என்ன கொட்டுகிறோம் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை!

அவ்வளவு பெரிய உடம்புக்குள் இரைப்பை எத்தனை லிட்டர், சொல்லுங்கள் பார்ப்போம். 50? 100? வெறும் 8 முதல் 15 லிட்டர்! நம் வீட்டு பக்கெட் அளவுதான்!

அந்தச் சின்ன இரைப்பையில் அமிலம் 24 மணி நேரமும் சுரக்கிறது. தீனி இருந்தாலும் சுரக்கும், பட்டினி கிடந்தாலும் சுரக்கும்!

பிரியாணி வாசனை வந்தாலே நமக்கு வாயில் நீர் ஊறும். குதிரைக்கு அந்த பாக்கியம் இல்லை. மெல்லும்போது மட்டும்தான் அதற்கு உமிழ்நீர்! ஆனால் நாள் முழுக்கப் புல் மென்றால் 35 லிட்டரைத் தாண்டும்!

திருத்தணி மலைக்கு 365 படி. பாதியில் உட்கார்ந்து நாம் மூச்சு வாங்குகிறோம். குதிரையோ ஒரே ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு 3,000 தடவைக்கு மேல் தாடையை அசைக்கிறது!

அதே ஒரு கிலோ ஓட்ஸைக் கொடுத்துப் பாருங்கள். சுமார் 850 மெல்லலில் காலி! புல்லுக்கு 40 நிமிஷம், ஓட்ஸுக்கு 10 நிமிஷம். மீதி நேரமெல்லாம் அமிலம் வயிற்றைத்தான் தின்னும்!

சரி, ஒரு குதிரைக்கு எவ்வளவு புல்? எடையில் 100-க்கு 2 பங்கு. 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ காய்ந்த புல். கூடவே உப்பு, தண்ணீர். சும்மா நிற்கும் குதிரைக்கு முக்கால்வாசி மெனு இங்கேயே முடிந்துவிட்டது!

நம்ப மாட்டீர்களா? இதோ கணக்கு. நல்ல காய்ந்த புல்லில் 100-க்கு 8 பங்கு புரதம். 7 கிலோவில் 560 கிராம்! அந்தக் குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ சுமார் 440 கிராம்தான்!

எடை போட லாரி தராசு தேட வேண்டாம். தையல்கடை டேப் போதும்! முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்குங்கள். 11,880-ஆல் வகுத்தால் கிலோ! சுற்றளவு 160, நீளம் 150 என்றால் 323 கிலோ!

வைக்கோல் என்றால் மட்டும் கதை வேறு. அதில் புரதம் 100-க்கு 3, 4 பங்குதான். வயிறு நிரம்பும், உடம்பு ஏறாது!

அங்கேதான் நம்ம கொள்ளு காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறது! ஒரு கிலோவில் சுமார் 220 கிராம் புரதம். உரமும் தண்ணீரும் கேட்காத மானாவாரிப் பயிர் இது!

கொள்ளை ஏன் ஊறவைத்து வேகவைக்கிறார்கள் தெரியுமா? பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் சமாச்சாரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெந்தால் அதன் கொட்டம் அடங்கும்! லாயக்காரர்களின் அடுப்பு, ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே அந்த வேலையைப் பார்த்துவிட்டது!

வேகவைத்த அந்தத் தண்ணீர் வீணாகுமா? ஆகாது! ஆந்திரத்தின் புகழ்பெற்ற உலவசாறு அதுதான்! கொள்ளு வெந்த நீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி, புளி சேர்த்துத் தாளிக்கிறார்கள். பயறு கால்நடைக்கு, சாறு நமக்கு! எல்லைக்கு இந்தப் பக்கம் அதே கொள்ளு ரசமாகிவிடும். ருசியில் எது உசத்தி என்ற சண்டைக்குள் நான் வரவில்லை!

கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். அத்தனை ஆசை! அதற்காக ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாதீர்கள். 400 கிலோ குதிரைக்கும் தானியத் தீனி ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது!

இப்போது வரலாற்றுக்குப் போவோம். இங்கேதான் புதையலே இருக்கிறது!

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ என்ன எழுதினார் தெரியுமா? இங்கே குதிரைக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போடுகிறார்களாம்! புல் தின்னும் பிராணிக்குக் கறிச்சோறு!

விளைவு? ஆண்ட சகோதரர்கள் ஐந்து பேர். ஆளுக்கு வருஷம் 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார்கள். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாது! இது அவர் சொல்லும் கணக்கு. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும் கொடுமைதான்!

குதிரை வைத்தியம் தெரிந்த ஆளை அரபு வியாபாரிகள் இங்கே வரவே விடமாட்டார்களாம். பழைய குதிரை பிழைத்துக்கொண்டால் புதுக் குதிரை விற்காதே! இதைச் சொல்வதும் மார்க்கோ போலோவே!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு குண்டு போடுகிறார். கிஷ் தீவின் வியாபாரி பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது வருஷம் 1,400 குதிரை. ஒன்றின் விலை 220 பொன் தினார். மொத்தம் 3,08,000 தினார்! வழியில் கடலில் செத்த குதிரைக்கும் காசு கொடுத்தாக வேண்டும்!

அவர் எழுதிய மெனு வேறு. பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும். குடிக்கக் காய்ச்சிய பசும்பால்! பாவம், குதிரை கேட்டது புல்லைத்தான்!

பாண்டியர்களை மட்டும் பார்த்துச் சிரிக்காதீர்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் உயர்ந்த ரகக் குதிரைக்கு ஒரு நாள் படி என்ன? தானியம், எண்ணெய், உப்பு, 50 பலம் மாமிசம். அதோடு ஒரு பிரஸ்தம் (அந்தக் கால அளவு) மது! மது வேண்டாமா? இரண்டு மடங்கு பால்!

அக்பர் லாயத்தில் நெய்யும் சர்க்கரையும் குதிரைப் படியில் சேர்த்தி. அவர் அவையின் அபுல் ஃபசல் உட்கார்ந்து கணக்கெழுதி வைத்திருக்கிறார்!

விஜயநகரப் பேரரசர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்கினார் என்கிறார் போர்ச்சுக்கீசியர் நூனிஸ். தலைக்கு 7 கிலோ புல் என்று வைத்துக்கொண்டால் அந்த வருஷத்துப் புதுக் குதிரைகளுக்கு மட்டும் நாளைக்கு 91 டன்! (கூட்டல் பெருக்கல் என்னுடையது!)

திருத்தணி முருகனுக்கும் மாசிப் பிரம்மோற்சவத்தில் குதிரை வாகனம் உண்டு. தீவனச் செலவு பூஜ்யம்!

இப்போது தவிடு பக்கம் வருவோம். மலிவாயிற்றே என்று வாளி வாளியாகப் போடுகிறீர்களா? கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல சுமார் 10 மடங்கு! எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குதிரையின் மூஞ்சியே வீங்கிவிடும். ஐரோப்பாவில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்குத்தான் இது அதிகம் வந்தது!

காங்கேயம் மாடுகள் கொழுகொழுவென்று வளர்வது கொழுக்கட்டைப் புல்லில். அதே புல்லை மட்டுமே குதிரை மாதக்கணக்கில் மேய்ந்தால் அதே மூஞ்சி வீக்கம்! புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது!

மருந்து? குதிரை மசால்! கால்சியம் கொட்டிக்கிடக்கும் பச்சைத் தீவனம். கொஞ்சம் கலந்தால் போதும். டப்பா வாங்கும் காசு மிச்சம்!

கோழித் தீவனம் மீந்துவிட்டதா? குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள், ஆளையே தூக்கிவிடும்! அதில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் போனால்தான் கோழிக்கு ஆபத்து. குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே எமன்!

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். அங்கே மிஞ்சும் மொலாசஸ் குதிரைக்குத் தேன்! அதில் பாதிக்குப் பாதி சர்க்கரை. ஒரு கரண்டி ஊற்றினால் பிடிக்காத தீனியும் உள்ளே போகும். வாளியாக ஊற்றினால் குளம்பு வெந்து குதிரை படுத்துவிடும்!

விட்டமின் சி டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்! குதிரை தன் ஈரலிலேயே அதைத் தயாரித்துக்கொள்கிறது. மனுஷருக்குத்தான் அந்த சாமர்த்தியம் இல்லை!

குளம்புக்கு பயோட்டின் என்ற விட்டமினைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே குனிந்து பார்க்கிறீர்களா? குளம்பு மேலிருந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதம்! பலன் தெரிவதற்குள் எத்தனை டப்பா விற்றிருக்கும், கணக்குப் போடுங்கள்!

நிஜமாகவே வாங்க வேண்டிய ஒன்று சமையலறையிலேயே இருக்கிறது. கல் உப்பு! குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பு. கடும் வெயிலில் ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்க்கும். சும்மா நிற்கும் நாளிலும் 25 கிராம் உப்பு வேண்டும். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது!

டானிக் அதிகமானால் என்ன ஆகும்? 2009 ஏப்ரல். அமெரிக்காவின் ஃபுளோரிடா. போலோ பந்தயத்துக்கு வந்த லெச்சுஸா கராகஸ் அணியின் குதிரைகளுக்கு விட்டமின் கலவை ஊசி போட்டார்கள். கலவையில் செலினியம் அளவு மீறியிருந்தது. செத்தவை 21 குதிரைகள்!

பெரிய குதிரைக்கே ஒரு நாளைக்கு வேண்டிய செலினியம் 1 மில்லிகிராமைச் சுற்றித்தான்! மூன்று டப்பாவிலும் அது இருந்தால் மூன்றையும் கூட்டிப் பார்த்தீர்களா?

ஆஸ்திரேலியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பந்தயக் குதிரை ஃபார் லாப். 1932-ல் திடீரென்று செத்தது. அதன் பயிற்சியாளர் எழுதி வைத்த டானிக் குறிப்பேட்டைப் பின்னாளில் ஓர் அருங்காட்சியகம் வாங்கியது. உள்ளே என்ன? ஆர்செனிக்! ஸ்ட்ரிக்னைன்! இரண்டாவது நம்ம எட்டிக்கொட்டை விஷமேதான்!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். குதிரையின் பெருங்குடலில் தீனியைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில். புதுத் தீனிக்குப் பழக அவற்றுக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். ஒவ்வொரு டப்பாவாகக் குறையுங்கள்! சினைக் குதிரை, குட்டி, நோயாளி என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்!

கடைசியாக ஒரு தாத்தாக் குதிரை. இங்கிலாந்தின் ஓல்ட் பில்லி! பிறந்தது 1760. கால்வாயில் படகு இழுத்த உழைப்பாளி. செத்தது 1822-ல், 62 வயதில்! விட்டமினுக்கு உலகம் பெயர் வைத்ததோ 1912-ல். பில்லி போய்ச் சேர்ந்து முழுசாக 90 வருஷம் கழித்து!