தமிழ் மின்வளப் பகிர்வும் மீத்தரவுச் சீர்தரச் சிக்கல்களும்

முன்னுரை

தமிழ் நூல்களை மின்வடிவில் காக்கும் பணி கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய இலங்கையின் நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை இதில் குறிப்பிடத்தக்கவை. ஒரு நூலின் பதிப்பு வரலாற்றை எழுத முனைவோர் இத்தகைய களஞ்சியங்களின் பதிவுகளை ஒருசேரக் காண வேண்டும். நூல்கள் கிடைத்தாலும், அவற்றைப் பற்றிய விவரக்குறிப்பாகிய மீத்தரவு ஒத்த முறையில் அமையாவிடின் அது கைகூடாது.

உரையாசிரியர் எங்கே?

1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய பணியரங்கிலிருந்து வளர்ந்தது டப்ளின் கோர். இதன் அடிப்படைக் கூறுகள் 15. களஞ்சியங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்வதற்கென 2001இல் வெளியான ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். நெறிமுறையும் குறைந்த அளவாக இவ்வடிவத்தையே கோருகிறது. எளிமையே இதன் வலிமை. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இடர் தொடங்குவதும் அங்கேதான்.

1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பைச் சான்றாகக் கொள்ளலாம். இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை வகுத்தவர் நச்சினார்க்கினியர், பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். டப்ளின் கோரில் இவர்களுக்குக் கிடைப்பவை 'ஆக்கியோர்', 'பங்களித்தோர்' என்னும் இரு கூறுகளே. நூலகங்கள் கையாளும் மார்க் வடிவில் உரையாளருக்கும் பதிப்பாசிரியருக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆயினும் அப்பதிவு எளிய டப்ளின் கோராக மாற்றப்படும்போது அக்குறியீடுகள் உதிர்ந்துவிடுகின்றன. நச்சினார்க்கினியரும் சாமிநாதையரும் ஒரே வரிசையில், பணிவேறுபாடு இன்றி நிற்பர். ஒரு நூலகம் உரையாசிரியரை 'ஆக்கியோர்' எனவும் மற்றொன்று 'பங்களித்தோர்' எனவும் கொண்டால் இரண்டையும் பிழை என்று சொல்ல இயலாது. உரைமரபின் வழியே கற்கப்பட்டுவரும் ஓர் இலக்கியத்துக்கு இது சிறிய இழப்பன்று. பகிர்வுக்கான எளிய வடிவோடு, பணிக்குறியீடுகள் கொண்ட விரிவான வடிவையும் களஞ்சியங்கள் உடன் வழங்குவதே தக்க வழி. நெறிமுறை அதற்கு இடமளிக்கிறது.

பெயரும் எழுத்தும்

குடும்பப் பெயரை முன்வைக்கும் மேலை வழக்கு, தலைப்பெழுத்தும் இயற்பெயரும் கொண்ட தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்துவதில்லை. 'உ.வே. சாமிநாதையர்', 'சாமிநாதையர், உ.வே.', 'உ.வே. சாமிநாத ஐயர்' ஆகியவை கணினிக்கு மூவர். புனைபெயர்களைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரே அடையாள எண் வழங்கி, வழக்கிலுள்ள எல்லா வடிவங்களையும் அதனோடு இணைப்பதே இதற்குத் தீர்வு.

இதினும் நுண்ணியது எழுத்துநிலைச் சிக்கல். ஒருங்குறியில் 'ஔ' தனிக் குறியீட்டெண் பெற்ற எழுத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிட்டாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அதே வடிவம் கிடைக்கும். 'ஔவையார்', 'ஒளவையார்' என்னும் இரண்டையும் படிப்பவர் ஒன்றாகவே படிப்பர்; தேடுபொறி வேறாகக் கொள்ளும். ஒகரக் குறியை இரு துண்டுகளாக இடும் வழக்கை ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் சரிசெய்துவிடும். ஔகாரத்தில் ளகரம் புகுந்த வடிவை அவை தீண்டுவதில்லை. ஆகவே பதிவேற்றத்தின்போதே இதற்கெனத் தனிச் சோதனை தேவை.

ஆண்டுக் குறிப்பு

பழைய நூல்களின் முகப்பில் பெரும்பாலும் வியாழவட்ட ஆண்டுப் பெயர் காணப்படும். 'சர்வசித்து வருஷம்' என்று மட்டும் இருப்பின் அது 1887–88 ஆகலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியால் 1947–48உம் ஆகலாம். அச்செழுத்து, அச்சகம், விலை ஆகியவற்றைக் கொண்டு வட்டத்தைத் தெளிந்த பின்னரும், ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஆவணியில் அச்சான நூல் 1887க்கும் மாசியில் அச்சானது 1888க்கும் உரியன. மாதம் இல்லாதபோது பட்டியலாளர் ஓர் ஆண்டைத் தாமே தெரிவு செய்து எழுதிவிடுகிறார். இரு பதிப்புகளில் முந்தியது எது என்னும் வினாவுக்கு அத்தெரிவே பின்னர்ச் சான்றாகிவிடுகிறது. 2019இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601-2 சீர்தரம், ஈராண்டுகளுள் ஒன்று என்னும் ஐயநிலையையும் கணினி அறியும் வகையில் குறிக்க வழிசெய்துள்ளது. முகப்பிலுள்ள தொடரை அச்சிட்டவாறே ஒரு புலத்திலும், மாற்றிய ஆண்டை ஐயக்குறியோடு மற்றொரு புலத்திலும் பதிந்தால், பின்வரும் ஆய்வாளர் அம்மாற்றத்தைச் சரிபார்க்க இயலும்.