இழை அதேதான், அலைநீளங்கள்தான் கூடின

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தால் மோடத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை முனையோடு மெல்லிய ஒயர் ஒன்று செருகியிருக்கும். அதற்குள் இருப்பது ஒற்றைக் கண்ணாடி இழை. வர ஒன்று, போக ஒன்று என்று இரண்டு கிடையாது. நீங்கள் பார்க்கும் சினிமாவும் நீங்கள் அனுப்பும் போட்டோவும் அதே இழையில்தான் எதிரெதிராக ஓடுகின்றன. நம் வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், வருவது 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. போவது 1310-ல் போகிறது. அதனால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இரண்டுமே அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது.

அலைநீளத்தால் பிரித்து ஒரே இழையில் பல தடங்களை ஓட்டும் இந்த முறைக்கு டபிள்யூ.டி.எம். என்று பெயர். காற்றில் எத்தனை எஃப்.எம். நிலையங்கள் இருந்தாலும் ரேடியோ நாம் திருப்பிய ஒன்றை மட்டும் பிடிக்கிறதே, அதே சங்கதி. வீட்டுக்கு இரண்டு அலைநீளம் போதும். ஊருக்கு ஊர் செல்லும் தடங்களிலும் கடலடியிலும் இந்த எண்ணிக்கை எண்பது, நூறு என்று போகும்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் வந்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். உள்ளே எட்டே ஜோடி இழைகள். ஜோடிக்கு 105 அலைநீளங்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 10 கிகாபிட் என்று வடிவமைத்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 8.4 டெராபிட். ஜோடிக்கு ஒரே அலைநீளம் என்று விட்டிருந்தால் வெறும் 80 கிகாபிட்தான் கிடைத்திருக்கும்.

பல அலைநீளங்களை ஒன்றாக அனுப்பலாம் என்பது முன்பே தெரிந்த விஷயம். சிக்கல் தூரத்தில் இருந்தது. நல்ல இழையிலேயே 15 கிலோமீட்டரில் ஒளி பாதியாகிவிடும்; 100 கிலோமீட்டர் போனால் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே வழியில் ஆங்காங்கே ஒளியை மின்சாரமாக்கி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்கும் கருவிகளை வைத்தார்கள். அலைநீளத்துக்கு ஒரு கருவி. பத்து அலைநீளம் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துக் கருவி. கட்டுபடியாகுமா?

1987-ல் இதற்கு விடை கிடைத்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் எர்பியம் கலந்த இழையை ஒளிபெருக்கியாக்கின. சில மீட்டர் நீளமுள்ள அந்த இழைக்குள் லேசரைப் பாய்ச்சினால் எர்பியம் அணுக்கள் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும். 1550 நானோமீட்டரை ஒட்டி ஒளி வந்ததும் அந்த ஆற்றலை அதற்குக் கொடுத்துவிடும். அந்தப் பட்டைக்குள் வருவது ஒரு அலைநீளமா எண்பதா என்று பார்க்காது. எல்லாவற்றையும் ஒருசேரப் பெருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் இந்தப் பெருக்கிதான். 1996-லேயே அமெரிக்காவில் சியெனா நிறுவனம் 16 அலைநீளக் கருவியை விற்கத் தொடங்கிவிட்டது.

இதில் ஜப்பானுக்கு ஒரு சோதனை. 1550-ல் ஒளித்துடிப்புகள் சிதறிப் பரவாத உயர்தர இழையை அங்கே நிறையப் புதைத்திருந்தார்கள். ஒற்றை அலைநீளத்துக்கு அருமையான இழை. ஆனால் சிதறல் இல்லாததாலேயே பல அலைநீளங்கள் சேர்ந்தாற்போல நெடுந்தூரம் ஓடி, ஒன்றோடொன்று கலந்து, போலிச் சமிக்ஞைகளை உண்டாக்கின. கொஞ்சம் சிதறல் இருந்தால்தான் நல்லது என்று தெரிந்தபோது இழை மண்ணுக்குள் போயாகிவிட்டது. கடைசியில் 1565-க்கு மேலுள்ள பட்டைக்கு நகர்ந்து சமாளித்தார்கள்.

2010 வாக்கில் அடுத்த பாய்ச்சல். ஒளி உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், அலையின் ஏற்ற இறக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் அதிர்கிறது (முனைவாக்கம்) என்பதையும் படிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. அலைநீளத்துக்கு 10 கிகாபிட் என்பது 100 ஆனது. கடலுக்கடியில் கிடந்த பழைய கேபிள்கள் பலவற்றை யாரும் தொடவே இல்லை. கரையிலிருந்த பெட்டிகளை மாற்றியே கொள்ளளவைக் கூட்டினார்கள்.

இத்தனை தரவும் ஓடும் இழையின் மையம் ஒன்பது மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. முனையில் ஒரு தூசி ஒட்டினால் போதும், ஒளியை மறிக்கும். பெருக்கியிலிருந்து எல்லா அலைநீளமும் திரண்டு வரும் இடத்தில் அந்தத் தூசி கருகி முனையையே கெடுத்துவிடும். அதனால்தான் கைதேர்ந்த டெக்னீஷியன் செருகுவதற்கு முன் பேனா போன்ற துடைப்பானால் முனையைத் துடைத்து, ஸ்கோப்பில் பார்த்துக்கொள்கிறார். வெறுங்கண்ணால் முனையை உற்றுப் பார்ப்பதோ கண்ணுக்கே ஆபத்து.

இந்த வித்தைக்கும் எல்லை உண்டு. எர்பியம் பெருக்கும் பட்டை அகலம் குறைவு. ஒளியின் வலுவைக் கூட்டினால் கண்ணாடியே சமிக்ஞையைக் குலைக்க ஆரம்பிக்கும். ஆகவே புதிய கடலடிக் கேபிள்களில் இழைகளின் எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. அட்லாண்டிக் கடலில் கூகுள் போட்ட டுனாண்ட் கேபிளில் 12 ஜோடி. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் 2ஆப்பிரிக்கா கேபிளில் 16 ஜோடி வரை. நடுக்கடல் பெருக்கிகளுக்கு மின்சாரம் கரையிலிருந்துதான் போயாக வேண்டும், அதை இஷ்டம்போல் கூட்ட முடியாது. அதனால் டுனாண்டில் பெருக்கிக்கு ஆற்றல் ஊட்டும் சில பம்ப் லேசர்களைப் பல ஜோடிகள் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.